மழைக்காற்று ஓய்ந்த பிறகு கரையோரத் தூண்டில்: எத்தனை நாள் காத்திருக்கலாம்?

ஈசூன்தூண்டில் | 12 ஜனவரி 2025, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பிடித்த மழை இன்னும் விடவில்லை. வெள்ளி, சனி இரண்டே நாளில் சிங்கப்பூர் சாங்கியில் 255 மில்லிமீட்டர் கொட்டியிருக்கிறது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222 தான். வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறோம்.

வியாழக்கிழமை, காணும் பொங்கல் அன்று விடுப்பு எடுத்திருக்கிறேன். மூன்று மாதமாகக் கடலோரம் போகவில்லை, கை துருதுருவென்று இருக்கிறது. இந்த மாதிரிக் குளிர்காற்று வந்து போன பிறகு எப்படிப் பிடிப்பது என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள்தான். மூன்றாம் நாள்வரை பொறு, ஆழமான குழியைத் தேடு, இரையை மெதுவாக இழு, வெயில் ஏறிச் சேறு சூடான பிறகு மத்தியானம் போ என்கிறார்கள். இதெல்லாம் நம்ம ஊருக்கும் சரிவருமா?

நான் வழக்கமாக நிற்பது பொங்கோல் பாயிண்ட். போன மாதம் இப்படி ஒரு மழைக்கு மறுநாள் நண்பர் ஒருவர் அங்கே ஐந்து மணி நேரம் நின்றார். ஒரே ஒரு கெளிறுதான் கிடைத்தது. அங்கேயே போகவா, வேறு இடம் பார்க்கவா? இரை என்ன வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைவீச்சு | 12 ஜனவரி, இரவு 9.42

காற்றழுத்தத்தைப் பாருங்கள். போனில் ஆப் இருக்கிறது. அழுத்தம் இறங்கும்போது மீன் வெறியோடு கடிக்கும், ஏறத் தொடங்கினால் வாயை மூடிக்கொள்ளும். வியாழன் காலை அழுத்தம் ஏறினால் வீட்டிலேயே இருங்கள்.

சாங்கிப்பெரியவர் | 12 ஜனவரி, இரவு 11.25

தம்பி ஈசூன், அந்த வீடியோக்களில் சொல்வது அந்த ஊருக்குச் சரி. டெக்சாஸ், ஃப்ளோரிடா கரையெல்லாம் குடாவும் உப்பங்கழியுமாக ஆழமே இல்லாத தண்ணீர். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் ஒரே ராத்திரியில் நீரின் சூடு பல டிகிரி விழுந்துவிடும், அந்தக் காற்றே குடாவில் இருக்கிற தண்ணீரையும் கடலுக்குத் தள்ளிவிடும். மீன் உயிர் பிழைக்க ஆழத்துக்கு ஓடுகிறது. 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸ் கரையில் மட்டும் 38 லட்சம் மீன் செத்ததாக அந்த மாநிலத் துறை கணக்குச் சொன்னது. 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஸ்னூக் மீன் கூட்டம் கூட்டமாக மிதந்தது. நம் கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்ற மீன் அது. அந்த ஊர்க்காரர்கள் குழியைத் தேடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இங்கே கதை வேறு. இந்தத் தீவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 19.4 டிகிரி, 1934 ஜனவரியில். அதுவும் காற்றின் கணக்குத்தான். கடல் நீர் மே, ஜூனில் 30 டிகிரி வாக்கில் இருக்கும், இந்த மாதங்களில் 27, 28. அவ்வளவுதான் வித்தியாசம். போர்வை கேட்பது நாம்தான், மீன் கேட்பதில்லை. கொடுவா மந்தமாக வேண்டுமென்றால் தண்ணீர் 20 டிகிரிப் பக்கம் இறங்க வேண்டும். அது இங்கே நடக்காது.

அப்படியானால் உன் நண்பருக்கு ஏன் மீன் கிடைக்கவில்லை? உப்பு. பதில் இந்த ஒரு சொல்தான்.

பொங்கோல் நிற்பது நமக்கும் மலேசியாவுக்கும் நடுவே ஓடும் ஜொகூர் நீரிணையில். இந்தப் பக்கம் பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் மதகு திறப்பார்கள். அந்தப் பக்கம் ஜொகூர்க் கரையின் ஆறுகள் எல்லாம் செம்மண் கரைத்துக்கொண்டு வரும். போக வழியும் ஒரு பக்கம்தான். 1924இல் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் காஸ்வே சாலை திறந்த நாளிலிருந்து நீரிணை நடுவில் அடைபட்டுக் கிடக்கிறது. மேற்கே போகும் நீரோட்டம் காஸ்வேயில் முட்டித் திரும்பும். அதனால் மழைத் தண்ணீர் நாலைந்து நாள் அங்கேயே ஏறி இறங்கிக் கிடக்கும். உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் இன்னும் மோசம்.

நன்னீர் கனம் குறைவு, உப்பு நீர் கனம் அதிகம். இரண்டும் உடனே கலக்காது. மேலே தேத்தண்ணி நிறத்தில் ஓர் அடுக்கு, அடியில் பழைய கடல். உன் இரை மேல் அடுக்கில் தொங்கினால் அங்கே மீன் இல்லை. கணவாய் உப்பு குறைந்த உடனே வெளியேறிவிடும், கலவாவும் மேலே ஏறி வராது. கெளிறு எதையும் தாங்கும், அதனால்தான் அது மட்டும் கிடைத்தது.

இதை நான் கண்ணால் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல். கழுத்தில் கயிறு, அடியில் நல்ல கனமான ஈயக்குண்டு. கார்க்கைத் தளர்வாகப் பொருத்தி அதில் தனியாக ஒரு தூண்டில் நரம்பு கட்டு. போத்தலைத் தரை தட்டும்வரை இறக்கிவிட்டு நரம்பை வெடுக்கென்று இழுத்தால் கார்க் கழன்றுகொள்ளும். மேலே குமிழ் வருவது நிற்கிறவரை பொறுத்து, தூக்கு. இன்னொரு போத்தலில் மேல் தண்ணீரை மொண்டு வை. ஒரு தடவை சாங்கியில் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தேன். மேல் தண்ணீர் மழைபோலச் சில்லென்று இருந்தது, நிறமும் பழுப்பு. அடித் தண்ணீர் வெதுவெதுப்பு, லேசான பச்சை. நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் மேலே சப்பென்று இருக்கும், கீழே கரிக்கும். அன்றைக்குத் தரையில் போட்ட இரைக்கு மட்டும் மீன் வந்தது.

வியாழன் போ. பொங்கோல் வேண்டாம், சாங்கிக் கடற்கரை போ. இடம் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

கணக்குவாத்தியார் | 13 ஜனவரி, காலை 7.05

கரைவீச்சு, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. அழுத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு. சிங்கப்பூரில் தினமுமே காலை பத்து மணிவாக்கில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், மாலை நாலு மணிவாக்கில் இறங்கும். இரவு பத்துக்கு மறுபடி ஏறும், விடிகாலை நாலுக்கு இறங்கும். வானம் வெளுத்திருக்கும் நாளிலும் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இப்படி ஆடும். பூமத்திய ரேகைப் பக்கம் இது இயல்பு.

அடுத்தது, கடல் மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் தரையில் கிடக்கும் மீனின் மேல் அழுத்தம் சுமார் 100 ஹெக்டோபாஸ்கல் கூடும். இங்கே பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ஓதம் இரண்டரை, மூன்று மீட்டர் ஏறி இறங்குகிறது. தினம் இரண்டு தடவை அதைத் தாங்குகிற மீன் ஆப்பில் தெரியும் 2 ஹெக்டோபாஸ்கலுக்காக வாயை மூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கண்டது மழைக்கு முந்திய காற்றும் மேகமூட்டமுமாக இருக்கலாம். வெளிச்சம் குறைந்தால் கொடுவா கரைக்கு நெருங்கி வரும்.

கரைவீச்சு | 13 ஜனவரி, காலை 8.20

இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி. ஆனாலும் மழைக்கு முந்தின சாயங்காலம் கடி அதிகம் என்பதில் மாற்றமில்லை. ஏழெட்டு வருடமாகப் பார்க்கிறேன். காரணம் வேண்டுமானால் நீங்கள் சொல்வதாக இருக்கட்டும்.

வடகடல் | 13 ஜனவரி, இரவு 10.50

வணக்கம் அண்ணன்மாரே. எனக்குச் சொந்த ஊர் பாம்பன். இங்கே கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிறு மட்டும்தான் தூண்டில்.

எங்கள் ஊரில் இந்தக் காற்றை வாடை என்போம். சைபீரியாப் பக்கமிருந்து குளிர் இறங்கித் தென்சீனக் கடல் வழியாக வரும்போது இங்கே மான்சூன் சர்ஜ் என்று செய்தியில் சொல்கிறார்கள். எங்களுக்கு வங்காள விரிகுடா வழியாக வருகிறது. மாதமும் திசையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கள் பாம்பன் தீவின் ஒரு பக்கம் வடகடல், அது பாக்கு நீரிணை. இன்னொரு பக்கம் தென்கடல், அது மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், வள்ளத்தைத் தென்கடலுக்கு மாற்றிவிடுவார்கள். சோழகம் வீசும் மாதங்களில் திரும்ப வடக்கே. அப்பா இதை யோசித்துச் செய்ததில்லை, காலையில் எழுந்து முகத்தில் காற்று படுகிற பக்கத்தை வைத்தே முடிவு செய்துவிடுவார்.

சிங்கப்பூரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். காற்று அடிக்கிற நாளில் பிடோக் ஜெட்டி, ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் அலை எகிறும். அப்போது லாப்ரடார், வெஸ்ட் கோஸ்ட் காற்று மறைவு. காற்று விட்டு ஒருநாள் கழித்துப் பிடோக் ஜெட்டிக்குப் போகலாம். 250 மீட்டர் கடலுக்குள் நீளும் ஜெட்டி அது, கால்வாய்த் தண்ணீர் நுனிவரை தாக்குவது குறைவு.

பெரியவர் சொன்ன இரண்டு அடுக்கோடு இன்னொன்றும் பாருங்கள். கலங்கலும் தெளிவும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு விழும். நுரை, இலை, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் எல்லாம் ஒரே வரிசையில் போய்க்கொண்டிருக்கும். ஆற்றிலிருந்து அடித்து வந்த இறாலும் பொடிமீனும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் திணறிக்கொண்டு நிற்கும். பெரிய மீன் தெளிந்த பக்கம் நின்று கலங்கலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், தள்ளி வீசுங்கள். கலங்கலுக்குள் வீசினால் குப்பைதான் மாட்டும்.

சாங்கிப்பெரியவர் | 13 ஜனவரி, இரவு 11.30

பாம்பன் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. இத்தனை வருடத்தில் நான் அந்தக் கோட்டை இவ்வளவு தெளிவாக யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஈசூன், இடத்துக்கு வருகிறேன். சாங்கியில் நீரோட்டம் இரண்டு பக்கமும் ஓடும். வற்றத்தில் நீரிணையின் பழுப்புத் தண்ணீர் வெளியே வரும். ஏற்றத்தில் வெளிக்கடலின் உப்புத் தண்ணீர் அடி வழியாக உள்ளே நுழையும். நாளை பௌர்ணமி விடிகிறது, வியாழன்வரை நல்ல ஓதம். இந்த மாதங்களில் பெரிய வற்றம் சாயங்காலத்தில் வரும். அது முடிந்து தண்ணீர் திரும்புகிற நேரம் உனக்கு வேண்டும். திரும்பி முதல் இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் போய் வெயிலில் நின்று களைத்துப் போகாதே.

இரை உயிர் இறால். இல்லாவிட்டால் புதுச் சாளையைக் குறுக்கே வெட்டிப் போடு, ரத்தம் கசிய வேண்டும். கலங்கலில் மீன் கண்ணை நம்பாது, மூக்கை நம்பும். பளபளக்கும் ஜிக், ரப்பர் மீன் மாதிரிச் செயற்கை இரையெல்லாம் வாரக்கடைசிக்கு வைத்துக்கொள். ஓட்டம் இழுக்கும், ஈயம் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போடு. இரை தரையில் நிற்கவில்லையென்றால் வீசியதே வீண்.

மீன்பிடிக்க அனுமதி என்று பலகை இருக்கிற இடத்தில் மட்டும் நில். மதகுப் பக்கம் போகவே போகாதே. கொடுவா அங்கே கூடும் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் தண்ணீர் எப்போது திறக்கும் என்று தெரியாது.

கயல் | 14 ஜனவரி, மாலை 6.15

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள். பெரியவர் ஐயா, உங்கள் பதிவுகளை விடாமல் படிக்கிறவள் நான். ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன். தயவுசெய்து அந்தத் தண்ணீரை நாக்கில் வைக்காதீர்கள். பெருமழைக்குப் பிறகு கால்வாய், வடிகால், மண் எல்லாம் கரைந்து வருகிற தண்ணீர் அது. நான் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன், மழைக்குப் பின்னால் என்னென்ன வயிற்றோடு வருகிறார்கள் என்று தினம் பார்க்கிறேன். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் உப்பு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள். வண்ணமீன் கடையில் கிடைக்கும். கண்ணாடி மேல் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். திறந்த கடல் 30க்கு மேல் காட்டும். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்கவும் வேண்டாம்.

இன்னொன்று, கெளிறு. மழைக்குப் பிறகு அது அதிகம் மாட்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். இரண்டு வருடம் முன்னால் பாசிர் ரிஸ்ஸில் அப்பாவின் கட்டைவிரல் அடியில் செம்பிலாங் என்கிற கெளிற்றின் முள் ஏறியது. இருட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வெறுங்கையால் தூண்டில் முள்ளைக் கழற்றப் போனார். ஐந்து நிமிடத்தில் முழங்கைவரை வலி, நெற்றியெல்லாம் வியர்வை. அந்த நஞ்சு சூட்டில் சிதையும். நல்லவேளை, அம்மா தேநீருக்கென்று பிளாஸ்கில் வெந்நீர் கொடுத்துவிட்டிருந்தார். வாளியில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்து, என் கையை முதலில் விட்டுப் பார்த்துவிட்டு அவர் கையை வைத்தேன். வலிக்கிற கைக்குச் சூடு தெரியாது, அதனால் அடிபடாத கையால்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்துவிடும். வலி பாதியாகக் குறைந்த பிறகு டாக்சி பிடித்து மருத்துவமனை போனோம். முள்ளின் நுனி உள்ளே உடைந்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் பையில் பிளாஸ்க், நீளமூக்குக் குறடு, தலையில் கட்டும் விளக்கு இல்லாமல் கிளம்புவதில்லை. ஓரா மீனுக்கும் இதே கவனம் வேண்டும். சீனப் புத்தாண்டு நெருங்குகிறது, சினை ஓரா கரைக்கு வரும் நேரம். அதன் முதுகு முள், வயிற்று முள் எல்லாமே நஞ்சு.

சாங்கிப்பெரியவர் | 14 ஜனவரி, இரவு 8.40

சரிம்மா, நாக்கில் வைப்பதை இன்றோடு விட்டுவிடுகிறேன். பேரன் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது, அந்தக் குழாயை வாங்கிப் பார்க்கிறேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

ஈசூன்தூண்டில் | 14 ஜனவரி, இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. ரிஃப்ராக்டோமீட்டர் கூடப்படித்த நண்பனிடம் இருக்கிறது, இரவல் கேட்டிருக்கிறேன். போத்தலுக்குக் கார்க் கிடைக்கவில்லை, ரப்பர் மூடி போதுமா? மின்னல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கணக்குவாத்தியார் | 14 ஜனவரி, இரவு 10.30

ரப்பர் தாராளம். இந்த மாத மழையில் இடி மின்னல் ஏப்ரல், மே, நவம்பர் அளவுக்கு இருக்காது. அதை நம்பி நிற்கவும் கூடாது. கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். இடிச்சத்தம் கேட்டாலே ராட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குள் போங்கள்.

ஈசூன்தூண்டில் | 17 ஜனவரி, காலை 6.50

நேற்றுப் போய் வந்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்குச் சாங்கி. வானம் மூடியிருந்தது, காற்று இல்லை. தண்ணீர் நன்றாக வற்றிச் சேறும் கல்லும் தெரிந்தது. மரக்கட்டை, தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு எல்லாம் வரிசையாக வெளியே போய்க்கொண்டிருந்தன. போத்தலை இறக்கினேன். முதல் தடவை மூடி கழலவே இல்லை. இரண்டாம் தடவை குமிழ் வந்தது. ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு மேல் தண்ணீர் 19, அடித் தண்ணீர் 28. பெரியவர் ஐயா, சூடும் நீங்கள் சொன்ன மாதிரியே. இரண்டு போத்தலையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

தண்ணீர் திரும்பும்வரை வீசவே இல்லை. பக்கத்தில் இருந்த மலாய்க்கார மாமா ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்டார். போத்தலைக் காட்டினேன், வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரும் ஈயத்தை மாற்றிக்கொண்டார். ஏழு மணி தாண்டி அந்த நுரைக்கோடு கரையை நோக்கித் திரும்பி வந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் அது நெளிவது நன்றாகத் தெரிந்தது. வடகடல் அண்ணே, கோட்டுக்கு அந்தப் பக்கம் வீசினேன்.

முதலில் ஒரு கெளிறு. குறடால் தூண்டில் முள்ளைப் பிடித்து நரம்பை அறுத்து விட்டுவிட்டேன், கை வைக்கவில்லை. அப்புறம் ஒரு செனாங்கின் மீன், உள்ளங்கை அளவு, திரும்பக் கடலுக்கு. ஏழே முக்காலுக்கு ராட் நுனி இரண்டு தடவை தட்டியது, மூன்றாவதில் வளைந்து அப்படியே நின்றது. ரீல் கிறீச்சிட்டது. கோட்டுக்கு வெளியே ஒரு பெரிய உடம்பு மேலே வந்து தலையை உதறியது, செவுள் விரிந்து உள்ளே சிவப்புத் தெரிந்தது. மாமா வலையைப் பிடித்தார். கொடுவா. என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. வாய்க்குள் உயிர் இறாலின் தலை மட்டும் மிச்சம்.

எட்டரைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கடிகூட இல்லை. மாமாவுக்கு ஒரு திருக்கை கிடைத்தது. வீட்டுக்கு வந்து அம்மா இரவே மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டார். பாதி குழம்புக்கு, பாதி வறுவலுக்கு.

இன்றிலிருந்து ஞாயிறுவரை மறுபடி சர்ஜ் என்று அறிவித்திருக்கிறார்கள். அடுத்து எப்போது போகலாம்?

சாங்கிப்பெரியவர் | 17 ஜனவரி, காலை 9.15

படித்துவிட்டு வீட்டில் சத்தமாக வாசித்தும் காட்டினேன். நன்றாகச் செய்தாய் தம்பி. 19, 28 என்ற எண்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வை.

இந்த மழைக்குப் பிறகு 21, 22 தேதிகளில் ஓதம் மிகச் சிறியது. தண்ணீர் அசையாது, நன்னீர் வெளியேறவும் நாளாகும். அவசரப்படாதே. ஓட்டம் மறுபடி 25, 26 வாக்கில் வேகமெடுக்கும்.

வடகடல் | 17 ஜனவரி, இரவு 11.10

26 ஞாயிறு எனக்கு ஓய்வு. ஈசூன் அண்ணே, உங்களிடம் ராட் இரண்டு இருந்தால் ஒன்றை எனக்கும் எடுத்து வாருங்கள். ஈயக்குண்டு நான் கொண்டு வருகிறேன். பட்டறை நண்பர் ஒருவர் வார்த்துக் கொடுத்தது, ஓட்டத்தில் உருளாமல் நிற்கும்.

கயல் | 18 ஜனவரி, காலை 7.30

நானும் அப்பாவும் வருகிறோம். பிளாஸ்க் எங்கள் பொறுப்பு.